ஸ்கிப் வண்டி ஓட்டிய நாட்கள்

(வெளிநாட்டு வேலைக்குச் செல்லவிருக்கும் வாலிபர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் நம் அறக்கட்டளை நடத்திய வழிகாட்டுக் கூட்டத்தில், துபாயில் கனரக வாகனம் ஓட்டித் திரும்பிய சகோதரர்கள் ஐவர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை.)





மேடையில் பேசிப் பழக்கமில்லாத ஐந்து பேர் நாங்கள். அதனால் எழுதி வைத்து வாசிக்கிறோம். வாசிப்பவர் ஒருவர், சொல்வது ஐவருமே.

சென்ற மாதம் அறக்கட்டளைச் செயலாளர் எங்களைக் கூப்பிட்டார். "ஹெவி லைசென்ஸ் எடுக்கக் கடனுதவி கேட்டு நம் பிள்ளைகள் ஒன்பது பேர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கத்தான் போகிறோம். அதற்கு முன்னால் நீங்கள் ஓட்டிய வண்டியைப் பற்றி அவர்களுக்கு ஒரு நாள் சொல்லுங்கள் காக்கா" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் ஓட்டியது குப்பையும் ரப்பிஷும் அள்ளுகிற வண்டி. ஊருக்கு வந்தால் "துபாயில் டிரைவர்" என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்வோம். பெண் கேட்டுப் போன இடத்திலும் அவ்வளவுதான் சொன்னோம். பெற்ற பிள்ளைகளுக்கே விவரம் தெரியாது. இன்றைக்குத்தான் முதன்முறையாக முழுவதையும் சொல்கிறோம்.

அந்த வண்டிக்கு ஸ்கிப் லோடர் என்று பெயர். நம் நகராட்சியில் இரும்புத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் டம்பர் பிளேசர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பம்தான். வண்டிக்குப் பின்புறம் இரண்டு இரும்புக் கைகள். ஒவ்வொரு கையிலும் இரண்டு சங்கிலி, ஆக நான்கு. ஸ்கிப் என்கிற தொட்டியின் பக்கங்களில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு காதுகள். சங்கிலியைக் காதில் மாட்டி, ஹைட்ராலிக் எண்ணெயின் பலத்தால் தூக்கி, முதுகில் வைத்துக்கொண்டு போவது. நிறைந்த ஸ்கிப்பை எடுத்து, வெறும் ஸ்கிப்பை வைத்துவிட்டு வருவது. கேட்க எளிமையாக இருக்கும்.

1983க்கும் 1989க்கும் இடையில் ஒருவர் பின் ஒருவராக நாங்கள் போனோம். அப்போதெல்லாம் பம்பாய் போய், ஏஜெண்ட் ஆபீஸ் வராந்தாவில் நாள் கணக்கில் காத்துக் கிடந்து, பிறகுதான் விமானம் ஏற வேண்டும். விசாவில் "டிரைவர்" என்று இருந்தது. என்ன வண்டி என்று ஏஜெண்ட் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஊரில் அம்பாசடர் ஓட்டியவர் எங்களில் இருவர். ஒருவர் உப்பு லாரி ஓட்டியவர். மற்ற இருவர் கிளீனர்களாக இருந்து கையில் ஸ்டீயரிங் வாங்கியவர்கள். நம்மூர் லைசென்ஸை அங்கே யாரும் மதிக்கவில்லை. வலப்பக்கம் ஓடும் சாலை, இடப்பக்கம் ஸ்டீயரிங். கனரக வண்டிக்குத் தனி டெஸ்ட். எங்களில் ஒருவர் நான்காவது முறையில்தான் தேறினார். அதுவரை ஹெல்பர் சம்பளம்தான்.

யார்டில் முதன்முதலாகக் காட்டிய வண்டி மூக்கு வைத்த பழைய பென்ஸ். அந்தக் காலத்து வளைகுடா முழுக்க அந்த வண்டிதான். ஏ.சி. கிடையாது. பவர் ஸ்டீயரிங் பேருக்குத்தான் இருந்தது. அதன் முதுகில் ஏற்றியிருந்த தூக்கும் கருவிக்குத் தனி இஞ்சின் இல்லை. வண்டியின் இஞ்சின் பலத்தையே கியர் பாக்ஸிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும். அதற்கு பி.டி.ஓ. என்று பெயர். வண்டியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்க மிதித்து பி.டி.ஓ. குமிழை இழுப்போம். கிளட்சை மெதுவாக விட்டால் அடியில் பம்பு ஓடுகிற சத்தம் கேட்கும். அவசரப்பட்டால் கியர் பல் கடிக்கும். அந்தச் சத்தம் யார்டில் கேட்டால் போர்மேன் வெளியே வந்துவிடுவார்.

பிறகு கீழே இறங்க வேண்டும். லிவர்கள் எல்லாம் கேபினுக்குப் பின்னால், வெளியே, வெயிலில் இருந்தன. ஒன்று வண்டியின் பின்காலை இறக்க, ஒன்று இரும்புக் கைகளை ஆட்ட. கொட்டும்போது மாட்டுகிற கொக்கிக்கு இன்னொன்று. ஆகஸ்ட் மாதம் பகலில் அந்த லிவரை வெறுங்கையால் தொட முடியாது. ஈரத் துணியைச் சுற்றிப் பிடிப்போம். சங்கிலியோ அதைவிட மோசம். கையுறை கொடுத்தார்கள். ஆனால் அது தடித்த தோல் கையுறை. போட்டால் விரல் வளையாது, சங்கிலி வளையம் காதில் விழாது. அதனால் கழற்றி வைத்துவிடுவோம். பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்கு இது முக்கியம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பெஷாவர் பக்கத்துப் பட்டான் பெரியவர் ஒருவர். எல்லாரும் அவரை "லாலா" என்போம். அவர்கள் மொழியில் மூத்த அண்ணன். டிரைவர்கள் மத்தியில் அவருக்கு "உஸ்தாத்" என்று மரியாதை. நமக்கு உஸ்தாத் என்றால் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர். முதல் நாள் யாரோ "உஸ்தாத் வருகிறார்" என்றதும், எங்களில் ஒருவர் கைலியைச் சரிசெய்துகொண்டு தலையில் தொப்பியைப் போட்டு நின்றார். வந்தவர் கிரீஸ் படிந்த சல்வாரோடு, கையில் ஒரு முழ நீள இரும்புக் கம்பியோடு வந்தார். "பஹ்லே ஆங்க், ஃபிர் ஹாத்" என்றார். முதலில் கண், பிறகு கை. பாடம் அவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கு விளக்கவுரை.

வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு முன் இறங்கி ஒரு சுற்று நடக்கச் சொல்வார். மேலே மின்கம்பி இருக்கிறதா, கீழே மண் இறுகியிருக்கிறதா, ஸ்கிப்பின் காது நான்கும் முழுதாக இருக்கிறதா, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மணல் இளகியிருந்தால் பின்காலுக்கு அடியில் பலகை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் புதைந்து வண்டி சாயும். நான்கு சங்கிலியும் ஒரே நீளத்தில், முறுக்கு இல்லாமல் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கிப் ஒரு பக்கமாகத் தொங்கி ஆடும். தூக்கி வைத்ததும் வலை போட்டு மூட வேண்டும். பின்கால் ஏறிவிட்டதா, இரும்புக் கை தாழ்ந்துவிட்டதா, பி.டி.ஓ. விலகிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கேபினில் ஏற வேண்டும். பழைய வண்டியில் இதையெல்லாம் ஞாபகப்படுத்த விளக்கும் கிடையாது, மணியும் கிடையாது. கையைத் தாழ்த்த மறந்து புறப்பட்டு, பாலத்தில் இடித்தவர்களும் உண்டு. நமக்கு நாமேதான் மணி.

எல்லாவற்றுக்கும் மேலாக லாலா சொன்னது ஒன்று. தூக்குவதற்கு முன் அந்த இரும்புக் கம்பியால் ஸ்கிப்பின் பக்கத்தில் மூன்று தடவை தட்ட வேண்டும். ஏறி உள்ளே பார்க்கவும் வேண்டும். நாய், பூனை இருக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

ஒரு ஆகஸ்ட் மாத லுஹர் நேரம். அல்கூஸ் பக்கம் ஒரு கிடங்கின் பின்புறம். ஸ்கிப் நிறைய அட்டைப்பெட்டி. எங்களில் ஒருவர் தட்டினார்; சத்தம் இல்லை. மறுபடி தட்டினார், இல்லை. மூன்றாவது தட்டுக்கு அட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை மேலே வந்தது. வங்காளதேசத்துச் சிறுவயது ஆள். காய்ச்சல். வெயில் தாங்காமல் நிழலுக்கு உள்ளே இறங்கி, அட்டையைப் போர்த்திக்கொண்டு மயக்கமாகக் கிடந்திருக்கிறார். குப்பைமேட்டில் ஸ்கிப்பை எப்படிக் கொட்டுவோம் தெரியுமா? வண்டியின் பின்கொக்கியில் ஸ்கிப்பின் அடிக்கம்பியை மாட்டிவிட்டு, கைகளைப் பின்னால் இழுத்தால் ஸ்கிப் அப்படியே தலைகுப்புறக் கவிழும். கவிழ்ந்த நிமிடத்தில் புல்டோசர் வந்து தள்ளி மிதிக்கும். கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது.

அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, கேபினில் ஏற்றி, அவர் இருந்த கேம்பில் விட்டோம். அவர் பேர் கேட்க மறந்துவிட்டோம். அன்று இரவு எங்கள் அறையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு தட்டாமல் ஒரு ஸ்கிப்பைக்கூட நாங்கள் தூக்கியதில்லை. ஊருக்குத் திரும்பி வருஷங்களாகியும், தெருவில் தொட்டியைக் கடந்து போனால் கை தானாகத் தட்டப் போகிறது.

அடுத்தது எடை. தம்பிமார்கள் இதைக் கணக்காகவே கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு கன மீட்டர் ஸ்கிப் ஒன்று. அதில் அட்டைப்பெட்டி நிறைந்திருந்தால் ஒரு டன்கூடத் தேறாது. அதே ஸ்கிப்பில் இடித்த கான்கிரீட் நிறைந்திருந்தால் 12 டன்னைத் தாண்டும். ஈர மணலென்றால் 15 டன் வரை போகும். எங்கள் இரண்டு அச்சு வண்டி தாங்கக்கூடியதோ எட்டு ஒன்பது டன்தான். ஸ்கிப் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். வாய் வரை நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு, என்ன நிறைந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எங்களில் ஒருவர் பார்க்காமல் லிவரை இழுத்தார். ஸ்கிப் எழவில்லை; வண்டியின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. மெதுவாக லிவரைத் திருப்பி இறக்கினார். வேகமாக விட்டிருந்தால் ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கும், அல்லது எண்ணெய்க் குழாய் வெடித்திருக்கும். "பாதியை எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று சைட் போர்மேனிடம் சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். அன்றைய நடைக்காசு போயிற்று. யார்டில் ஏச்சும் கிடைத்தது. ஆனால் மறுநாள் காலை வண்டியை எடுக்க ஆளும் இருந்தார், எடுப்பதற்கு வண்டியும் இருந்தது.

நடைக்காசு என்றோமே, அதைச் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் ஒரு அளவு. ஒரு நாளைக்கு ஆறு நடை கட்டாயம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நடைக்கும் ஐந்து திர்ஹம். ஊரில் தங்கச்சி கல்யாணம், வாப்பாவின் மருந்து, வீட்டுக்குப் போட்ட அஸ்திவாரம் எல்லாம் அந்த ஐந்து திர்ஹத்தில்தான் நின்றன. ஏழாவது நடைக்கும் எட்டாவது நடைக்கும் ஓடும்போதுதான் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவோம்.

இனி சொல்லப்போவது எங்களில் இருவரைப் பற்றியது. இருவருமே இந்த மேடையில் இருக்கிறார்கள். இருவரும் சம்மதித்த பிறகுதான் எழுதினோம்.

ஒரு மாலை, அன்றைய எட்டாவது நடை. ஒருவர் லிவரில். மற்றவர் ஹெல்பராக அந்தப் பக்கம் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். லிவர் இருக்கும் இடத்திலிருந்து மறுபக்கம் தெரியாது. நடுவில் ஸ்கிப் மறைக்கும். "சரி" என்று குரல் கொடுத்தால் தூக்குவது எங்கள் வழக்கம். மாட்டிய சங்கிலியில் ஒரு முறுக்கு இருந்தது. அதைத் திருப்ப அவர் மறுபடி கையை வைத்தார். கையில் உறை இல்லை. அதே நேரம் சைட்டில் வேறு யாரோ, வேறு எந்த வேலைக்கோ "சலோ, சலோ" என்று கத்தினார்கள். லிவரில் இருந்தவர் அதைத் தம் கூட்டாளியின் குரல் என்று எடுத்துக்கொண்டார். சங்கிலி இறுகியது. காதுக்கும் வளையத்துக்கும் நடுவில் வலக்கையின் இரண்டு விரல்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஆபத்தில்லை. விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. டிஸ்சார்ஜ் ஆன வாரத்தில் கம்பெனி ஆபீஸுக்கு அழைத்தார்கள். அரபியிலும் இங்கிலீஷிலும் அடித்த ஒரு தாளை நீட்டினார்கள். மூன்று மாதச் சம்பளம் ரொக்கமாக மேசையில் இருந்தது. இடக்கையால் கையெழுத்துப் போட்டார். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது எங்களுக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும். வேலையில் ஏற்படும் காயத்துக்கு இன்ன உறுப்புக்கு இன்ன இழப்பீடு என்று அந்த நாட்டின் 1980ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே அட்டவணை இருந்தது. ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தும், அப்படி ஒன்று இருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. வேலையை விட்டு எடுக்காமல் வைத்துக்கொண்டார்களே என்று ஷுக்ரு செய்தோம்.

வீட்டுக்கு என்ன சொல்வது? அவர் மாதம் இரண்டு கடிதம் எழுதுகிறவர். வலக்கையில் பேனா நிற்கவில்லை. எங்களை எழுதச் சொன்னால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். தேராவில் போய் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினோம். அன்றிலிருந்து கடிதத்துக்குப் பதில் கேசட். ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். வீட்டில் ஒரே சந்தோஷம். "மச்சான் டேப் ரெக்கார்டர் வாங்குகிற அளவுக்கு நல்லா இருக்காக" என்று தெருவெல்லாம் பேச்சு. இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்து இறங்கினார். வாசலில் பெட்டியை வாங்க மனைவி கையை நீட்டியபோதுதான் அவர் கையைப் பார்த்தார்.

விரல் போனதற்கு அந்தச் சகோதரி அழவில்லை என்று அவரே எங்களிடம் சொன்னார். "ரெண்டு வருஷமா ஒவ்வொரு கேசட்டுலயும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாராம். அந்தக் கேசட்டுகளை அதன் பிறகு ஒரு நாளும் அவர் போட்டுக் கேட்கவில்லை.

லிவரில் இருந்தவர் ஆறு மாதம் லிவரைத் தொடவில்லை. கூட்டாளிக்குச் சோறு பிசைந்து கொடுத்ததும் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதும் அவர்தான். மன்னிப்புக் கேட்டு அழுதபோது, "உன் கைக்கு மேலே ஒரு கை இருக்கு. நீ போய் வண்டியை எடு" என்றார் விரல் இழந்தவர். இன்றும் ஐந்து வேளையும் இருவரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். பார்த்திருப்பீர்கள்.

அன்றிலிருந்து எங்கள் வண்டிகளில் குரலுக்குத் தூக்குவது நின்றது. மறுபக்கம் மாட்டுகிறவர் வெளியே நடந்து வந்து, லிவரில் இருப்பவர் கண்ணுக்கு நேராக நின்று, இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்ட வேண்டும். பத்து விரலையும் பார்த்த பிறகே லிவர். அந்தக் கூட்டாளி எட்டு விரலைக் காட்டுவார்.

தொழுகை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் உடம்பில் எப்போதும் ஒரு வாடை இருக்கும். குளித்தாலும் போகாது. கேபினில் சீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் ஒரு சுத்தமான சட்டையும் கைலியும் வைத்திருப்போம். உடை மாற்றிக்கொண்டுதான் பள்ளிக்குள் போவோம். அப்படியும் கூச்சத்தால் கடைசி ஸஃப்பில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வோம். ஒரு நாள் அந்த ஊர் அரபிப் பெரியவர் ஒருவர் எங்கள் வண்டி வெளியே நிற்பதையும் நாங்கள் பின்னால் நிற்பதையும் கவனித்தார். எதுவும் பேசவில்லை. எங்களில் ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் கூட்டிப்போய்த் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததைச் சிறுவயதில் மதரஸாவில் படித்திருந்தோம். எங்கள் தொழிலோடு அதைச் சேர்த்து நினைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பின்னாட்களில் புது வண்டிகள் வந்தன. கைகள் உள்ளிருந்து நீளும். ஸ்கிப்புக்கு ஒட்டிப் போக வேண்டியதில்லை. கேபினுக்குள் உட்கார்ந்தே இயக்கலாம். பின்பக்கம் கேமரா. கை தாழாமல் புறப்பட்டால் மணி அடிக்கும். ஏ.சி. உண்டு. கோடைக்காலத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் இப்போது சட்டமும் இருக்கிறது. எல்லாம் நல்லதே. ஆனால் சங்கிலியைக் காதில் மாட்டுவது இன்றைக்கும் பெரும்பாலும் மனிதன் கைதான். அவசரமும் அன்றைய அவசரம்தான்.

அதனால் தம்பிமார்களே, நாங்கள் செய்யத் தவறியவற்றை உங்களுக்குச் சொல்கிறோம்.

ஒன்று, என்ன வண்டி, என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று புறப்படும் முன்பே எழுத்தில் கேளுங்கள். "டிரைவர்" என்ற ஒரு சொல்லை நம்பி ஏறாதீர்கள். ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் ஈ-மைகிரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.

இரண்டு, இன்ஷூரன்ஸ். பத்தாம் வகுப்பு தேறாத பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகையில் வரும். அவர்கள் வளைகுடா வேலைக்குப் போகும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் வரை உண்டு. பாலிசித் தாளின் நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டால் வீட்டாருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மூன்று, படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். காயம் பட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக அந்த நாட்டில் 2022 முதல் புதுத் தொழிலாளர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் வேலைக் காயத்துக்கு இழப்பீடு உண்டு. கேட்பது உங்கள் ஹக்கு.

நான்கு, பழக்காத வண்டியைத் தொடாதீர்கள். "நாளைக்கு ஓட்டுகிறேன், இன்றைக்குக் காட்டித் தாருங்கள்" என்று சொல்வதில் வெட்கமில்லை.

ஐந்து, வீட்டுக்கு உண்மையைச் சொல்லுங்கள். கேசட் காலம் போய் வீடியோ கால் வந்துவிட்டது. ஆனால் கேமராவுக்கு வெளியே கையை மறைத்துக்கொள்வது இப்போதும் முடியும்.

தாய்மார்களே, சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று. மகனோ கணவரோ போன் செய்தால் "இந்த மாசம் எவ்வளவு வரும்" என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். நீங்கள் தேவைக்குத்தான் கேட்கிறீர்கள், எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி அங்கே ஒன்பதாவது நடையாக மாறுகிறது. "இன்றைக்கு என்ன வேலை, யாரோடு போனீங்க, கையுறை போட்டீங்களா" என்று கேளுங்கள். கேட்கிற ஆள் வீட்டில் இருக்கிறார் என்ற நினைப்பே கையைக் காக்கும்.

கடைசியாக நம்மூர். நம் தெருவுக்கு வருகிற நகராட்சி வண்டித் தொழிலாளர்கள் செய்வது நாங்கள் செய்த அதே வேலை. ஈரக்குப்பை, உலர்குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான குப்பை எனப் பிரித்துக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். சூடான சாம்பலைத் தொட்டியில் போடாதீர்கள். அடியில் கனன்று, வண்டியில் ஏறிய பிறகு தீப்பிடிக்கும். பிள்ளைகளைத் தொட்டிக்குள்ளும் தொட்டிக்குப் பின்னாலும் விளையாட விடாதீர்கள். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அந்தச் சகோதரர்கள் வந்தால் ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். அதே வேலையில் எங்களுக்குக் கிடைத்த தண்ணீரை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரை அறக்கட்டளை அலுவலகத்தில் எங்களில் இருவராவது இருப்போம். வேலை ஒப்பந்தம், விசா, காப்பீட்டுத் தாள் எதுவானாலும் கொண்டுவாருங்கள். இங்கிலீஷ் படிக்க எங்கள் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நகல் ஒன்று அலுவலகக் கோப்பில் இருக்கும். மனுக் கொடுத்த ஒன்பது பிள்ளைகளும் முதலில் வர வேண்டும். அவர்களுக்கு ஒரு பழைய சங்கிலியையும் வளையத்தையும் காட்டி, எங்கே விரல் வைக்கக் கூடாது என்று காட்டிக்கொடுக்கப்போகிறவர், இன்ஷா அல்லாஹ், அந்த எட்டு விரல்காரர். அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

போகிற பிள்ளைகள் அனைவரும் ஹலாலான ரிஸ்க்கோடும், போன உடம்பு போனபடியும் திரும்பி வர அல்லாஹ் அருள்வானாக. எங்களுக்குத் தொழில் சொல்லித்தந்த லாலாவுக்கும், பேர் கேட்க மறந்த அந்தப் பிள்ளைக்கும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.